பால் பெட்டி பேசிய பேச்சு

வனஜாட்சிக்கும் அறிவிப்புப் பலகைகளுக்கும் ஆதிநாளிலிருந்தே ஆகாது. அவளுடைய கல்யாணமே ஒரு பலகையால்தான் கோணலாகத் தொடங்கியது. கே.ஆர். பேட்டை மண்டபத்தில் அன்று கீழே ஒரு கல்யாணம், மாடியில் ஒரு கல்யாணம். வாசலில் அவள் பெயர் எழுதி, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்பு போட்டிருந்தார்கள். நேரே போ என்று நினைத்து வைத்தவன் வைத்துவிட்டான். மாடிக்குப் போ என்று மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொண்டு, படியேறி, முன்பின் தெரியாதவர்கள் வீட்டு ரவை உப்பிட்டைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கீழே வந்தார்கள். கீழே போட்டதைவிட மேலே போட்ட உப்பிட்டு நன்றாக இருந்தது என்று மாமனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் சிரித்து மறந்தார்கள். வனஜாட்சி மாலையும் கழுத்துமாக வாசலுக்குப் போய் அந்தப் பலகையை நின்று பார்த்தாள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், அம்பு மேலே பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று விசாரித்தாள். ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். அவளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, வங்கி, பஸ் நிலையம் என்று எங்கே போனாலும், யார் எதைப் படித்து எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று கவனிப்பதே வேலையாகிப் போயிற்று. "ஊர்ல எல்லாரும் போர்டைப் பார்த்துட்டுப் போறாங்க, நீ போர்டைப் பார்க்கவே போற" என்று கணவன் சிவநஞ்சன் கிண்டல் செய்வான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஹொன்னேனஹள்ளிப் பால் சங்கத்துக்கு அவள் காரியதரிசி ஆன பிறகு, பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து அளவைப் பெட்டி வந்து இறங்கியது. ஊற்ற வருகிறவரின் கேனிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் எடுத்து அதன் குழாயடியில் வைக்க வேண்டும். அது உறிஞ்சிப் பார்த்துவிட்டு ஒரு பெண்குரலில் தீர்ப்புச் சொல்லும். இனிமையான குரல்தான். அதற்குத் தெரிந்தது இரண்டே வாக்கியம். ஒன்று, "பால் நன்று." இன்னொன்று, "பால் சரியில்லை." இரண்டையும் அது மாரம்மன் கோயில் வரைக்கும் கேட்கிறாற்போலச் சொல்லும். சங்கத்துத் தலைவர் ஜவரேகௌடர், இனிமேல் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்று பெட்டிக்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்.

அந்தப் பெட்டி ஒரு நாள் காலையில் சிக்கதாயம்மாவின் பாலைச் சரியில்லை என்றது.

சிக்கதாயம்மாவின் வீடு சங்கத்தோடு ஒட்டுச்சுவர். புருஷன் இல்லை, இரண்டு பசுக்கள்தான் அவளுக்கு எல்லாம். வரிசை குறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கறக்க உட்காருவாள். கறந்த கையோடு கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அம்மன் அபிஷேகத்துக்கு அவள் வீட்டுப் பால்தான் போகும். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அடுத்தவர் பாலை வாய்விட்டுக் குறை சொல்லவும் கூசமாட்டாள். அதனால் பெட்டி அவளைச் சொன்னபோது வரிசையில் நின்றவர்களுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிரத்தான் செய்தது. அடுத்தடுத்த நாட்களிலும் விட்டுவிட்டு அதே தீர்ப்பு. தண்ணீர் என்ற சொல்லைப் பெட்டி சொல்லவே இல்லை. அதை வரிசையே சேர்த்துக்கொண்டது.

கடைசியில் ஜவரேகௌடர் எல்லோருக்கும் நடுவில் அவளிடம், வயசான காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். சிக்கதாயம்மா கேனை எடுத்துப் போய்ச் சங்கத்து வாசலில் இருந்த புங்கமரத்தடியில் மொத்தப் பாலையும் கவிழ்த்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்த வாரமே அபிஷேகப் பாலுக்குக் கோயில்காரர்கள் வேறு வீட்டைச் சொல்லிவிட்டார்கள். பணம் போனால் போகிறது என்று விட்டிருப்பாள். அம்மன் தலையில் ஊற்ற உன் பால் ஆகாது என்று சொன்னால் மனுஷி எப்படித் தாங்குவாள்?

வனஜாட்சி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகும் சிக்கதாயம்மாவின் மாதிரிப் பால் அதே கிண்ணத்தில் இருந்தது. கொட்டிவிட்டுக் கழுவ வேண்டியதுதான். அவளுக்குக் கை வரவில்லை. தண்ணீர் கலந்திருந்தால் இன்னொரு தடவை வைத்தாலும் அதையேதானே சொல்ல வேண்டும் என்று, சும்மா, என்ன ஆகிறதென்று பார்க்க, கிண்ணத்தை மறுபடியும் குழாயடியில் வைத்தாள்.

"பால் நன்று" என்றது பெட்டி.

அதே பால், அதே கிண்ணம், அதே பெட்டி. எது மாறியது? அன்று முழுக்கக் களி உருண்டையைத் தட்டிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து தன் வீட்டுப் பாலை வைத்துச் சோதிக்க ஆரம்பித்தாள். ஆறவிட்டு வைத்தாள், நன்று. கறந்த உடனே ஓடிவந்து வைத்தாள்; சரியில்லை. ஆறிய பாலையே தூக்குப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி வைத்தாள், சரியில்லை. நுரை அடங்கக் காத்திருந்து வைத்தாள், நன்று. சிவநஞ்சன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, காபிக்காவது கொஞ்சம் மிச்சம் வை என்றான்.

ஆக, சிக்கதாயம்மாவின் குற்றம் இவ்வளவுதான்: அவள் வீடு பக்கத்தில் இருந்தது. ஊரிலேயே புதுப்பால் அவளுடையது. அதனால்தான் அது நுரையோடு வந்தது. தூரத்திலிருந்து நடந்து வருகிறவர்களின் பால் வரிசையில் நின்று நிதானமாகிவிடும்.

பெட்டியின் ஓரத்தில், அவள் பக்கம் பார்த்தபடி ஒரு சின்னத் திரை உண்டு. சரியில்லை என்னும்போதெல்லாம் அதில் ஒரு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் மின்னி மறையும். இத்தனை நாள் அதைக் கொசு பறந்ததுபோல விட்டிருந்தாள். இப்போது அதைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தது அனகா என்றொரு பெண்; பெட்டிக்கு வாக்கியம் எழுதுகிற குழுவில் இருப்பவள்.

அனகா தேடிப் பார்த்துவிட்டு, அந்த எழுத்துக்கு நுரை என்று அர்த்தம் என்றாள். கூடவே, பால் சூடாக இருந்தாலும், கிண்ணத்தில் குறைவாக இருந்தாலும், பெட்டியைக் கழுவாமல் விட்டாலும் வேறு வேறு எழுத்து வரும், குரல் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்று தயங்கிச் சொன்னாள்.

"காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கால் உடைஞ்சு போனாலும் 'ஆளு தேறமாட்டான்'னு ஒரே சீட்டு எழுதிக் குடுப்பீங்களாம்மா?" என்று கேட்டாள் வனஜாட்சி.

அனகா கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தாள். பிறகு அவளுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. அந்தக் குரலைத் தான் அலுவலக அறையில் கேட்டதோடு சரி, வரிசையில் கேட்டதில்லை என்றாள். நாளைக்குப் பால் ஊற்றும்போது போனை அணைக்காமல் மேசைமேல் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். வனஜாட்சியும் வைத்தாள். பெட்டி ஒருத்தியின் பாலைச் சரியில்லை என்றதும் வரிசையில் எழுந்த கிசுகிசுப்பு, அந்தப் பெண் என் பிள்ளைமேல் சத்தியம் என்று அழுதது எல்லாவற்றையும் பெங்களூரில் உட்கார்ந்து அனகா கேட்டாள். முடிந்த பிறகு, மாத்திரணும்க்கா என்று மட்டும் சொன்னாள்.

ஜவரேகௌடர்தான் மசியவில்லை. மனுஷன் பொய் சொல்லுவான், மிஷின் எதுக்குச் சொல்லும் என்று ஒரே பிடி. வனஜாட்சி விவாதம் செய்யவில்லை. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக் கேன் வந்ததும், எல்லோரும் பார்க்க, மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கினாள். பிறகு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். பெட்டி இனிமையான குரலில், ஊருக்கே கேட்க, கௌடர் வீட்டுப் பாலைச் சரியில்லை என்று அறிவித்தது.

வரிசையில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கௌடரின் முகத்தில் ஈயாடவில்லை. வனஜாட்சி கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்து, நுரை அடங்கவிட்டு, மறுபடி வைத்தாள். பெட்டி நன்று என்றது. கௌடர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பேச்சை மாற்றச் சொல்லிப் பெங்களூர்காரர்களிடம் நான் சொன்னதாகவும் சொல் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். சிக்கதாயம்மாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அனகா முதலில் அனுப்பிய புது வாக்கியம் இது: "மாதிரியில் காற்றுக் குமிழ்கள் உள்ளன." உண்மையான வாக்கியம், பிசகே கிடையாது. அது முதன்முதலில் கௌடரின் மருமகளுக்கு வாய்த்தது. மறுநாளே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது: இத்தனை நாள் தண்ணீர் கலந்தார்கள், இப்போது காற்றும் கலக்கிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை வைத்தா, வாயால் ஊதியா என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. மருமகள் இரண்டு நாள் பால் ஊற்ற வரவில்லை.

வனஜாட்சிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எதில் கோளாறு என்று யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். பாலில் என்ன இருக்கிறது என்று பெட்டி எதைச் சொன்னாலும், கேனைப் பிடித்திருப்பவளைத்தான் ஊர் திரும்பிப் பார்க்கும். அளக்க முடியாமல் போனது பெட்டிக்குத்தானே? அதைப் பெட்டியே சொல்லட்டும்.

"உன் பொட்டி தன்னைப் பத்திப் பேசட்டும்மா. அடுத்தவ பாலைப் பத்தி அதுக்கு என்ன பேச்சு?" என்றாள் போனில்.

அனகாவுக்குப் பிடித்துவிட்டது, அவளுடைய மேலாளருக்குப் பிடிக்கவில்லை. என்னால் முடியவில்லை என்று சொல்கிற பெட்டியை எந்த ஊர்க்காரன் வாங்குவான் என்று கேட்டாராம். அவர் பயமும் நியாயம்தான். இழுபறிக்குப் பிறகு, இந்த ஒரு சங்கத்தில் மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்று விட்டார். வனஜாட்சி பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சையும் போட்டு வைத்தாள், நுரை அடங்கும்வரை உட்கார. பெட்டி இப்போது நுரையைக் கண்டால் இப்படிச் சொன்னது: "என்னால் அளக்க முடியவில்லை, மன்னிக்கவும். நுரை அடங்கியதும் மறுபடி ஊற்றுங்கள்."

கிசுகிசுப்பு நின்றுவிட்டது. பெஞ்சில் உட்காருகிறவளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், இதற்கு இன்னும் அளக்கத் தெரியவில்லை என்று பெட்டியைத்தான் திட்டினார்கள். திட்டு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் வனஜாட்சிக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

ஆனால் ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறக்கவில்லை. பெட்டி மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்வது சிக்கதாயம்மாவுக்குச் சுவர் வழியாகத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்கட்டும், கேட்டுவிட்டுத் தானே வருவாள் என்று வனஜாட்சி காத்திருந்தாள். அதற்குமேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தோன்றவில்லை. வாக்கியத்தைத்தான் சரிசெய்தாயிற்றே.

ஒரு நாள் காலையில் சிக்கதாயம்மா கேனோடு வரிசையில் வந்து நின்றாள். கறந்த சூடு ஆறாத பால், விளிம்புவரை நுரை. கௌடரும் அங்கேதான் இருந்தார். வனஜாட்சி கிண்ணத்தில் பால் எடுத்து வைத்தாள்.

"என்னால் அளக்க முடியவில்லை, மன்னிக்கவும்" என்று ஆரம்பித்துப் பெட்டி முழுவதையும் சொல்லி முடித்தது.

சிக்கதாயம்மா பெஞ்சில் உட்காரவில்லை. வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். கௌடரைப் பார்த்தாள். கடைசியில் வனஜாட்சியிடம் வந்து அவள் பார்வை நின்றது.

"அதுக்கு யாரோ எழுதிக் குடுத்தாங்க, சொல்லிருச்சு. உங்களுக்கெல்லாம் யாரு எழுதிக் குடுக்கணும்?" என்றாள்.

கௌடர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இத்தனை நாளும் ஒரு பெட்டி என்ன பேச வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டவள், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை என்பது வனஜாட்சிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மேசையைச் சுற்றி வெளியே வந்து சிக்கதாயம்மாவின் கையிலிருந்த கேனை வாங்கினாள்.

"தப்பு எங்க மேலதான் தாயக்கா. உக்காரு, நுரை அடங்கட்டும்."

சிக்கதாயம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். பின்னால் நின்ற ஒருத்தி, கோயிலுக்கு வெள்ளிக்கிழமைப் பால் நீயே குடுத்தனுப்பு தாயக்கா என்று மெல்லச் சொன்னாள். பெஞ்சின் மறுமுனையில் ஜவரேகௌடரும் உட்கார்ந்தார்.