மைக் செட் ராஜப்பனும் எங்கள் மழைக்காலப் பட்டியலும்

ராஜப்பன் போய்விட்டார்.

நேற்று மதியம் ஒரு கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் கட்டி முடித்து, நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். இன்று காலை அடக்கமும் முடிந்துவிட்டது.

பிறகு சின்னதாக ஓர் இரங்கல் கூட்டம். மைக்கை என் பக்கமும் நீட்டினார்கள்... நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். பேசியிருக்க வேண்டும். எனக்கு எழுதத்தான் வரும், அதுவும் சரியாக வருகிறதா தெரியவில்லை.

வெளியூர் நண்பர்களுக்காக: குலசேகரம் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் மைக் செட், நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்குக் கொடுத்தவர் ராஜப்பன். நான் பொதுப்பணித் துறையில் கட்டட வரைபடங்களுக்குக் கோடு போட்டு ஓய்வு பெற்றவன். எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருந்ததில்லை, அந்த மழை வரும்வரை.

அந்த வருடம் ஆறு ஏறித் தெருவுக்குள் வந்தது. எல்லோரும் பள்ளிக்கூட மாடிக்குப் போய்விட்டோம். பக்கவாதத்தில் படுத்திருந்த ஒருவரை மட்டும் மறுநாள்தான் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது.

யாராவது கூட்டி வந்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். நானும் நினைத்தேன். அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி.

தண்ணீர் வடிந்த வாரம் ராஜப்பன் என் வீட்டுக்கு வந்தார். "சாரே, ஒரு லிஸ்ட் போடணும். நீங்க எழுதுங்க, நான் மைக்குல விளிச்சுச் சொல்லுதேன்."

அப்படித்தான் தொடங்கியது. மகளிர் குழு, கோயில் கமிட்டி, சர்ச் பாடகர் குழு, ரப்பர் வெட்டும் தொழிலாளர்கள்... ஒவ்வொரு குழுவிடமும் போய், ஆறு ஏறினால் யார் எந்தக் கதவைத் தட்டுவது என்று பேசி வைப்போம். பேசுவது அவர். நான் பின்வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொள்வேன்.

முதல் பட்டியலை வாக்காளர் பட்டியலைப் பார்த்து நான் தயாரித்தேன். அகர வரிசை, வயது, வரிசை எண். லாமினேட்கூடச் செய்தேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஒத்திகையில் ராஜப்பன் மைக்கில் வாசித்தார்: "பாக்கியவதி, வயது எண்பத்தொண்ணு!" மகளிர் குழுவில் இரண்டு பேர் ஓடினார்கள். தெருவில் மேலும் கீழுமாக அரை மணி நேரம்... அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த முறுக்கு அம்மை பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் கேட்டார், "ஆரைத் தேடுதிய மக்கா?"

"பாக்கியவதின்னு ஒரு பாட்டியை."

"அது ஆரு?" என்றவர் உரலைக் கீழே வைத்தார். "ஏட்டி... அது நாந்தாம்ட்டி!"

ராஜப்பன் சிரித்த சிரிப்பு ஊர் முழுக்கக் கேட்டது. மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

நான் பட்டியலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று முடிவே செய்திருந்தேன்.

மறுநாள் காலை வந்து கதவைத் தட்டினார். "பேரெல்லாம் கரெக்டுதான் சாரே. ஆனா வெள்ளம் வரும்போ ஆரும் வோட்டர் ஐடி பாத்துத் தேட மாட்டாவ. வட்டப்பேரு போடுங்க."

ஊரில் கூப்பிடும் பெயர்களுக்காக மூன்று நாள் வீடு வீடாக நடந்தோம். பட்டாளத்தார், மணிக்கட்டி சித்தி, ரேடியோ தாத்தா... ரேடியோ தாத்தா மட்டும் சண்டைக்கு வந்தார். "என்னை எதுக்குலே எழுதுத? எனக்கு நீச்சம் தெரியும்!" "உமக்குத் தெரியும் ஓய், உம்ம கால்முட்டுக்குத் தெரியாதே" என்றார் ராஜப்பன். எழுதிக்கொண்டோம்.

போன வருடம் பட்டியலைத் திருத்தும்போது அவர் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தார்.

"சாரே, உங்க பேரு எங்க?"

"நான் எழுதுகிறவன்தானே..."

"எழுதுதவனுக்க வீட்டுல வெள்ளம் ஏறாதா?"

மனைவி போய் ஆறு வருடம். மகள் மஸ்கட்டில். தனியாக இருப்பவர்கள் என்ற தலைப்பின் கீழ் என் பெயரை எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

என் பேனாவை வாங்கி அவரே எழுதினார். கோடு சார். அன்றுதான் எனக்கு இப்படி ஒரு வட்டப்பேர் இருப்பது தெரிந்தது. பக்கத்துக் கட்டத்தில், தட்ட வேண்டியவர்: ராஜப்பன்.

அதன் பிறகு டிவியில் மழை எச்சரிக்கை என்று சொன்னாலே போதும், வந்து தட்டுவார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். "ஒண்ணுமில்ல சாரே, ஒத்திகை" என்பார். ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுப் போவார்.

சில நாள் எச்சரிக்கையே இருக்காது. நானும் கேட்டதில்லை.

இன்று மத்தியானம் பட்டியலை எடுத்தேன். மூன்று வீடுகளுக்கு அவர் பெயர் இருந்தது. முறுக்கு அம்மைக்கு மகளிர் குழுத் தலைவி ஒப்புக்கொண்டார். பட்டாளத்தாருக்குக் கோயில் கமிட்டியில் ஒருவர்.

மூன்றாவது வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில்தான் கேட்க வேண்டும். என்ன சொல்வது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்... மூன்றும் ஆபீசுக்கு எழுதிய விண்ணப்பம் மாதிரி இருக்கின்றன. கூட்டத்தில் வாய் திறப்பேன் என்ற நம்பிக்கையும் இல்லை.

ஆகவே இங்கேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்... குளத்துக்கு மேற்கே, பச்சை கேட். காலிங் பெல் வேலை செய்யாது. கொஞ்சம் பலமாகத் தட்ட வேண்டும்.

ராஜப்பன், இனி நீங்கள் வர வேண்டியதில்லை. ஓய்வெடுங்கள்.