அண்ணா நன்றாக விழுங்கிய மத்தியானம்

எங்கள் வீட்டில் பிரசாதம் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. பத்தியம் என்று வைத்தியர் எதை விலக்கினாலும் அது அம்மா சமைக்கும் தளிகைக்குத்தான். கோவிலிலிருந்து வந்ததை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. ஜுரம் கொதிக்கும்போதுகூட அப்பா தயிர்சாதப் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுவார். மறுநாள் எழுந்து குளித்துவிட்டுக் கோவிலுக்கும் போய்விடுவார். அப்புறம் அவரிடம் யார் என்ன பேசுவது?

அப்பா பெருமாள் முன்னால் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தார். அண்ணாவையும் அதற்குத்தான் தயார்செய்துகொண்டிருந்தார். அண்ணாவுக்குப் பதினோரு வயது, எனக்கு ஏழு. குரல் என்னவோ நல்ல குரல்தான், தொண்டைதான் பாழாய்ப்போன தொண்டை. மாதம் தவறாமல் வீங்கிக்கொள்ளும். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் சுருண்டு கிடப்பான். மிளகுக் கஷாயம், சித்தரத்தை எல்லாம் கொடுத்து அலுத்த பிறகு, காவேரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சி டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். தொண்டைக்குள் இரண்டு பக்கமும் இருக்கிற சதையை அறுத்து எடுக்காமல் தீராது என்றார் அவர். குரல் போய்விடுமோ என்று அம்மா அழுதாள். அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

மயக்க மருந்து கொடுத்து அறுத்தார்கள். இரண்டு மூன்று நாள் அங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். கண்ட கையால் சமைத்ததைக் குழந்தை எப்படிச் சாப்பிடுவான் என்று அப்பா மறுநாளே ஜட்காவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வண்டி ஏறும்வரை டாக்டர் கூடவே வந்து சொல்லிக்கொண்டிருந்தாராம்.

“சுவாமி, தொண்டையில வெள்ளையாப் படியும். அது பொருக்கு, பயப்படாதீங்க. அது தானா உதிர்ந்து ஆறுறவரைக்கும் முறுக்கு, அப்பளம்னு கெட்டியா எதுவும் கொடுக்காதீங்க. ஆனா வலிக்குதுன்னு பட்டினி போட்டுடாதீங்க. விழுங்க விழுங்கத்தான் ஆறும்.”

அந்தக் கடைசிப் பேச்சை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அண்ணாவோ விழுங்க மாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டான். ஒரு மிடறு மோர் உள்ளே போனால் காது வரைக்கும் இழுக்கிறது என்று கையால் காட்டுவான். “ஒரே ஒரு வாய் முழுங்குடா கண்ணா, அம்மாவுக்காகடா” என்று அவள் கெஞ்சுவதைக் கேட்டால் எனக்கே அழுகை வரும். அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதே வீட்டில் எல்லோருக்கும் வேலையாகிவிட்டது.

ஒரு வாரம் ஆகியிருக்கும். அப்பா கோவிலிலிருந்து தேன்குழல் கொண்டுவந்தார்.

“டாக்டர் கெட்டியா ஒண்ணும் கூடாதுன்னாரே” என்றாள் அம்மா.

“அது நீ பண்ற தேன்குழலுக்குடீ. பெருமாள் அமுது செஞ்சது குழந்தை தொண்டையைக் குத்துமா?”

அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஒரு வாரமாகக் கஞ்சியும் மோருமாகக் கிடந்த அண்ணாவுக்கு அதைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கடக்கென்று கடித்தான். கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் சிரித்தான். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தான். உப்பும் எள்ளுமாக நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் அவன் தூங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்தேன், அவன் தூக்கத்திலேயே விழுங்கினான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் விழுங்கினான். அப்புறம் விடாமல் விழுங்கிக்கொண்டே இருந்தான். நான் சமையலறைக்கு ஓடினேன்.

“அம்மா, அண்ணா தானா முழுங்கறாம்மா! மூஞ்சியைக்கூடச் சுளிக்கலை!”

அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து பார்த்தாள். கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். “எழுப்பாதேடீ, தூங்கட்டும்” என்று என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துவிட்டு, அவனுக்குக் குழையக் குழைய சாதம் வடிக்கப் போனாள். அத்தனை நாளில் அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

சாதம் வெந்துகொண்டிருக்கும்போதே அவன் எழுந்து உட்கார்ந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டிகாக்ஷன் மாதிரி கறுப்பாக வாந்தி எடுத்தான், பிறகு சிவப்பாக. அம்மா ஐயோ ஐயோ என்று அலறினாள். அப்பா அவனை வாரித் தூக்கிக்கொண்டு ஜட்காவுக்கு ஓடினார். பாலத்தைத் தாண்டினார்களாம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உயிர் இருந்ததாம்.

அதற்கப்புறம் அப்பா பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதோடு சரி. வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. கோஷ்டிக்குப் போவதும் நின்றது. பாழும் வீடு, அதில் சத்தமாகப் பேசக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். “மத்தியானம் வரைக்கும் தேறிண்டுதானே வந்தான். தூக்கத்துலகூட நன்னா முழுங்கினானே. இவதான் ஓடிவந்து சொன்னா.” எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

என் பெண்ணுக்கு அதே சதையை எடுத்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் சொன்னாள்: “தூக்கத்துல அடிக்கடி விழுங்குதான்னு பாத்துக்கிட்டே இருங்கம்மா. விழுங்கினா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். உடனே எழுப்பித் தூக்கிட்டு வந்துடுங்க.” ஏழு வயதில் நான் ஓடிப்போய்ச் சொன்னது என்ன செய்தி என்று அந்த வராந்தாவில்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். “நர்ஸ் என்னடீ சொன்னா?”

“கெட்டியா எதுவும் கொடுக்க வேண்டாமாம்மா.”

“அண்ணாவுக்கும் டாக்டர் அதேதான் சொன்னார். கடைசியில குழந்தை எவ்வளவு நன்னா முழுங்கினான், ஞாபகம் இருக்கோ உனக்கு?”

“இருக்கும்மா” என்றேன்.