ஐஸ் எடுக்கும் தேதி

காபி போட எழுந்து போன நேரத்தில்தான் வெர்னா நாட்யுக்கை மேலாளராக்கினார்கள். ஹாலோ ரிட்ஜ் ஊருக்குப் புதிதாக ஓர் இளையோர் ஐஸ் ஹாக்கி அணி வந்தாயிற்று. அதை நடத்த ஓர் ஆள் வேண்டும் என்றதும் கூட்டத்தில் எல்லோரும் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் காபித் தட்டோடு திரும்பியபோது கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் அவளும் தட்டை வைத்துவிட்டுக் கை தட்டினாள்.

வெர்னா அந்த ஊர்த் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள். கணவன் எண்ணெய் வயல் வேலைக்கென்று ஆல்பர்ட்டா போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். பெரிய வீட்டை விற்று, சின்ன வீட்டுக்கு மாறி, ஒரே மகள் லரிசாவைத் தனியாக வளர்த்து ஆளாக்கினாள். யோசித்துத்தான் எதையும் செய்வாள். ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கியதில்லை.

அணிக்குக் கிடைத்தவர்களும் அப்படி இப்படித்தான். மற்ற அணிகள் கழித்துக் கட்டிய பையன்கள். ஒருவனுக்கு உயரம் போதாது, ஒருவனுக்கு வாய் நீளம், கோல் காப்பவன் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வாந்தி எடுப்பான். மார்ச்சில் கோப்பைக்காக ஆடுவது முன்னணி அணிகள் மட்டும்தான், இவர்கள் பிப்ரவரியோடு மூட்டை கட்டிவிடுவார்கள் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. அந்தத் தைரியத்தில் அரங்கக் கமிட்டி ஒரு காரியம் செய்தது. மார்ச் மாதம் ஐஸை உருக்கி எடுத்துவிட்டு, அந்தத் தரையை ஒரு கல்யாண விருந்துக்கு வாடகைக்குத் தருவதாக எழுதிக் கொடுத்தது. நானூறு பேர் உட்கார்ந்து சாப்பிட ஊரில் வேறு இடம் கிடையாது. கல்யாணம் வேறு யாருக்குமில்லை, லரிசாவுக்கும் அவள் காதலன் கர்ட்டிஸுக்கும்தான். எந்தச் சனிக்கிழமை என்று தேதி பார்த்துச் சொன்னவளும் வெர்னாவேதான்.

அப்புறம்தான் அந்தப் பாழாய்ப் போன பையன்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள்.

முதல் வெற்றியை அதிர்ஷ்டம் என்றார்கள். ஐந்தாவது வெற்றிக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. கிறிஸ்துமஸ் முடிந்தபோது அணி முதலிடத்தில் இருந்தது, ஊருக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. பாதிரியார் பிரசங்கத்தைப் பாதியாக வெட்டினார். பல் மருத்துவர் வாயில் கருவியை வைத்துக்கொண்டே கோல் கணக்குப் பேசினார். தபால் தலை வாங்க வந்தவர்கள் தலையை வாங்கினார்கள்: இவனை விடாதே, அவனைப் பிடித்துப் போடு, வலது பக்கம் ஒரு தடுப்பாட்டக்காரன் இல்லாமல் என்ன அணி நடத்துகிறாய். பாலுக்கும் ரொட்டிக்கும் வெளியே போகவே வெர்னா பயந்தாள். பயந்தாலும் போனாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது தித்தித்தது.

ஜனவரி பத்தாம் தேதி பிற்பகல் இரண்டு மணியோடு ஆட்டக்காரர்களைக் கைமாற்றும் காலம் முடிகிறது. அதற்குப் பிறகு எந்த அணியாலும் ஓர் ஆளைக்கூட வாங்கவோ விற்கவோ முடியாது. அன்று மதிய உணவுக்குத் தபால் நிலையத்தை மூடிவிட்டு, அரங்கத்தில் ஸ்கேட் தீட்டும் அறைக்குப் பின்னாலிருந்த தன் சின்ன அறையில் வெர்னா உட்கார்ந்திருந்தாள். வெளியே மைனஸ் முப்பத்தைந்து டிகிரி உறைகுளிர். உள்ளே அவளுக்கு வியர்த்தது.

பக்கத்து மாவட்ட அணியின் மேலாளர் மர்ரி ஃபேர் காலையிலேயே பேசியிருந்தான். அவன் அணி நடுவாந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் பிராடியைக் கொடு, மூணு சின்னப் பசங்களைத் தர்றேன். இல்லேன்னா என் வலது பக்கத் தடுப்பாட்டக்காரன் நெல்ஸை நீ எடுத்துக்க, அடுத்த வருஷம் புதுப் பசங்கள்ல முதல்ல பொறுக்குற உன் உரிமையை எனக்குக் கொடு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். சீக்கிரம் சொல்லு வெர்னா, காபி ஆறுது" என்றான்.

பிராடி அவளுடைய கோல் இயந்திரம். அவனுக்கு இருபது வயது, இளையோர் அணியில் இதுதான் கடைசிப் பருவம். எப்படியும் வசந்தத்தில் போய்விடுவான். அவனை இப்போது விற்றால் மூன்று வருடங்களுக்கு அணி நிற்கும். கணக்குத் தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார்கள். பிராடி போனால் கோப்பை ஆட்டத்தின் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவார்கள், ஐஸும் குறித்த நாளில் உருகிவிடும். எதிர்காலத்துக்காகத்தான் விற்கிறேன் என்று வெர்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மகளின் கல்யாணம்தான் முழுக் காரணம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

ஐஸ் வேலை பார்க்கும் எமில் எட்டிப் பார்த்தார்.

"எப்ப உருக்கணும்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும். கல்யாணப் பொண்ணு வழுக்கி விழுந்தா பழி எம்மேலதான வரும்."

"போங்க எமில்" என்று விரட்டிவிட்டு, வெர்னா ஃபோனை எடுத்து மர்ரியை அழைத்தாள். "மர்ரி, பிராடி விஷயமா..." என்று தொடங்கும்போதே கதவு படாரென்று திறந்தது. லரிசா. இமைமுடியெல்லாம் பனி வெள்ளை.

"ஃபோனைக் கீழே வைம்மா."

"இது அணி விவகாரம்."

"என் கல்யாண விவகாரம். அதுக்காகத்தானே அவனை விக்கிற? ஊரே பேசுது."

வெர்னாவின் காது மடல் சிவந்தது.

"மார்ச்சுல நாம ஆடிட்டிருந்தா ஐஸை எடுக்க முடியாதுடி. நானூறு பேரை எங்க உட்கார வைப்பேன்? பள்ளிக்கூடத்துலயா? உனக்கு அதையாவது ஒழுங்கா செஞ்சு குடுக்கணும்."

"கர்ட்டிஸ் வெளியே வண்டியிலயே உட்கார்ந்திருக்கான், உள்ள வர மாட்டேங்கிறான். பிராடியை வித்தவங்க பொண்ணைக் கட்டிக்கிட்டா ஊர்ல எவனும் எனக்கு பீர் வாங்கித் தர மாட்டான்னு புலம்புறான்."

வெர்னா சிரித்துவிட்டாள். லரிசா சிரிக்கவில்லை.

"அப்பா போனப்ப வீட்டை வித்த. சரியான முடிவு. ரீஜைனாவுல பெரிய வேலை வந்தப்ப என் பள்ளிக்கூடத்துக்காக வேண்டாம்னுட்ட. அதுவும் சரிதான். நீ செஞ்சது எல்லாமே சரிதான். ஆனா நீ ஜெயிச்சு நான் பார்த்ததே இல்லம்மா. ஒரே ஒரு தடவை பார்க்கணும்."

மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதே வெர்னாவுக்கு இன்றுதான் தெரியும். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது, மூக்கு ஒழுகியது.

"வெர்னா" என்றது கையிலிருந்த ஃபோன். "நான் இன்னும் லைன்லதான் இருக்கேன். நானும் உட்கார்ந்து அழணுமா, இல்ல வேலையைப் பார்க்கலாமா? மணி ஒண்ணே முக்கால்."

வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பிராடி கிடையாது. நெல்ஸை அனுப்பு."

"பைத்தியமா உனக்கு? அடுத்த வருஷம் உன்கிட்ட ஒண்ணுமே இருக்காது. கடைசி இடம்தான்."

"கடைசி இடத்துக்கு நாங்க ஆரம்பத்துலயே தயாராத்தான் இருந்தோம். எல்லாம் பழகிக்குவோம்."

"சரி. சாயந்திரத்துக்குள்ள பையன் அங்க இருப்பான்" என்றான் மர்ரி.

"மர்ரி, இன்னொண்ணு. நல்ல சூட்டு கோட்டு ஒண்ணும், ரோமம் வெச்ச தொப்பி ஒண்ணும் எடுத்துட்டு வரச் சொல்லு."

"நம்ம ஊர்ப் பையனுக்குக் குளிரைப் பத்திச் சொல்லித் தர்றியா?"

"குளிருக்கு இல்ல" என்றாள் வெர்னா, மகளைப் பார்த்துக்கொண்டே. "என் பொண்ணு கல்யாணத்துக்கு. ஐஸ் மேலதான் விருந்து."