வாசலில் உடைந்த அச்சு

எங்கள் வீட்டுக் கேட்டுக்கு முட்டாக உடைந்த அச்சுத் தண்டு ஒன்று கிடக்கிறது. ஜீப்பின் பின்சக்கரத்தைச் சுழற்றிய தண்டு. உடைந்த முனைக்கு அருகே அதில் நீளவாக்கில் வெட்டிய வரிகள் முறுக்குப் பிழிந்ததுபோல வளைந்திருக்கும். நல்ல எஃகு சட்டென்று உடைவதில்லை. முதலில் முறுக்கிக்கொள்ளும், அதை யாருக்கும் காட்டாமல் கொஞ்ச காலம் ஓடும், பிறகு ஏதோ ஓர் அற்பக் காரணத்துக்காக உடையும். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை என்னால் அதிகாரத்தோடு சொல்ல முடியும். எங்கள் மகனின் கல்யாணமும் அப்படித்தான் என்று சொன்னால் மனைவிக்குப் பிடிக்காது. ஆகவே அதைச் சொல்வதில்லை.

அந்த ஜீப் என் சம்பந்தியுடையது. பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக் கரையில் அவருக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. மழைக்காலச் சேற்றில் நான்கு சக்கரமும் இழுக்கும் அந்தப் பழைய வண்டியில்தான் வெற்றிலைக் கட்டுகள் ரோட்டுக்கு வரும். பெரிய பேச்சுக்காரர். என்னைப் பார்த்ததும், "ஏனுங் சம்பந்தி, நம்ம வண்டிக்கு எப்சி குடுப்பீங்களா?" என்று தகுதிச் சான்று கேட்பார். "வண்டிக்குக் குடுத்துரலாமுங்க, ஓட்டறவருக்குத்தான் ரோசனையா இருக்குது" என்பேன். ஒவ்வொரு முறையும் இதே கேள்வி, இதே பதில், இதே சிரிப்பு. எனக்கு வாய்த்த ஒரே நண்பர், என் மகன் கல்யாணத்தின் வழியாகத்தான் வந்தார் என்பதை அப்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகள் இருவரும் படித்தவர்கள். சண்டைகூட ஒழுங்காகப் போடாமல் மனமொத்து விலகிக்கொண்டார்கள். வாகனம் கைமாறினால் ஒரு படிவம் உண்டு, திருடுபோனால் ஒன்று உண்டு, எரிந்து சாம்பலானாலும் ஒன்று உண்டு. சம்பந்தி சம்பந்தியாக இல்லாமல் போனால் அவரை என்னவென்று கூப்பிடுவது, அவர் வீட்டில் சாப்பிடலாமா என்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் தெளிவானது: உறவு அற்றுவிட்டால் வாசல் மிதிப்பதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை.

சீரைத் திருப்பிக் கொண்டுபோக அவரே ஜீப்பும் டிரெய்லருமாக நாமக்கல் வந்தார். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் ஏறின. "கெளம்பறனுங் சார்" என்றார். அந்தச் 'சார்' நான் எதிர்பாராதது. வண்டியைத் திருப்பும்போது பின்சக்கரம் எங்கள் வாசல் சாக்கடையில் இறங்கியது. கோபமோ அவசரமோ, ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தார். துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஆற்றுச் சேற்றில் உடையாத அச்சு நகராட்சிச் சாக்கடையில் உடைந்தது. என் மருமகளாக இருந்தவளின் பீரோ, கண்ணாடியைத் தெருவுக்குக் காட்டியபடி நின்றது. தெருக்காரர்கள் அதில் தலை சீவாததுதான் பாக்கி.

அடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக், உடைந்த துண்டு உள்ளே பல்சக்கரத்தின் பல்லையும் தின்றுவிட்டது, பழைய அச்சு ஒன்றை முழுதாக வாங்கி மாட்டுவதே வழி என்றான். சேலத்தில் கிடைக்கும். சம்பந்தி என்னைப் பார்க்காமல், "இரும்பு பாக்கத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு கூட வந்தாத் தேவல" என்றார். போனேன். பீரோ சீக்கிரம் நகர வேண்டும் என்ற சுயநலமும் இருந்தது. பஸ்ஸில் அடுத்தடுத்த இருக்கை. டிக்கெட்டை அவரவர் தனித்தனியாக எடுத்தோம்.

வண்டி உடைக்கும் கடையில் அச்சுகள் கிரீஸ் வாடையோடு அடுக்கிக் கிடந்தன. ஒன்றின் மூடியைத் திறக்கச் சொல்லி, எண்ணெயைத் தொட்டு, இரும்புத் துகள் மினுங்குகிறதா என்று விரலில் தேய்த்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. கடைக்காரர், "இதை ஒத்தையா மாட்டாதீங்க. உங்க வண்டிப் பல்லு வேற, இதோட பல்லு வேற. முன்னயும் பின்னயும் ஜோடியா மாத்துங்க" என்றார். சம்பந்தி, "முன்னது நல்லாத்தான இருக்குது?" என்றார். "நல்லாத்தானுங்க இருக்கும். ரெண்டுமே தனித்தனியா நல்லதுதான். சேத்துல எறங்கி நாலு சக்கரத்தையும் போட்டீங்கன்னா ஒண்ணை ஒண்ணு இழுத்து ஒடச்சுப்போடும்."

குடும்ப நீதிமன்றத்தில் இரண்டு வக்கீல்களும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. நாங்கள் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டோம்.

அச்சுகளை வேனில் ஏற்றும்போது கடைக்காரர் சாதாரணமாகக் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் ஒறமொறைங்களா?" நான் வேனின் பலகையைத் தூக்கிச் சாத்தினேன். வாசலில் என்னைச் 'சார்' என்றவர், கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டபடி திரும்பாமலே, "சம்பந்திங்க" என்றார்.

மறுநாள் எங்கள் வாசலிலேயே வேலை நடந்தது. ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் துரு பிடித்துக் கழல மறுத்தது. வெட்டி எடுத்தார்கள். முன்னச்சு ஏறியது, பின்னச்சு ஏறியது. சம்பந்தி வீட்டுக்குள் வரவில்லை. காலையிலேயே என் மனைவி ஒரு சொம்பு மோரைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். அது வெயிலில் அப்படியே இருந்தது. மாலையில் கடைசி நட்டும் இறுகியபின், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கேட்டுக்கு வெளியே நின்றபடி அண்ணாந்து குடித்தார். மோர் நிச்சயம் புளித்திருக்கும். சொம்பை என் கையிலேயே கொடுத்தார். காற்றில் அடித்துக்கொண்டிருந்த கேட்டைப் பார்த்து, உடைந்த தண்டைக் காலால் நகர்த்தி முட்டுக் கொடுத்தார். "இது இங்கயே கெடக்கட்டுங்க" என்றார். பீரோ போனது. அதன்பிறகு எங்களுக்குள் போனும் இல்லை, போக்குவரத்தும் இல்லை.

போன மாசியில் அவர் இறந்த செய்தி வந்தது. புது வேட்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இறந்தவருக்குச் சம்பந்தி வீட்டார் போர்த்தும் கோடி அது. அதைப் போர்த்த எனக்கு முறை உண்டா என்று தெரியாது. அவர் வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே ஜீப் நின்றது. இரண்டு அச்சிலும் ஆற்றுச் சேறு காய்ந்திருந்தது. சடங்கை நடத்திய பெரியவர் ஒவ்வொரு உறவாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, "சம்பந்தி ஊட்டுக் கோடி?" என்றார். கூட்டத்தில் ஒருவர், "அது இல்லீங்க, அடுத்ததைப் பாருங்க" என்றார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மகள், என் மருமகளாக இருந்தவள், நிமிர்ந்தாள். கேட்டருகே என்னையும் என் கையிலிருந்த பையையும் பார்த்தாள்.

"வந்திருக்குதுங்க" என்றாள்.

இரவு வெறும் பையோடு வீடு திரும்பினேன். கேட்டைச் சாத்தி, அந்தத் தண்டைக் காலால் நகர்த்தி முட்டுக் கொடுத்தேன்.