முடக்கில் நின்ற தப்பு

"…இருக்கிற லயத்துக் காம்பராவுக்கே நமக்கு உறுதிப் பத்திரம் இல்ல. அடிக்காம நிக்கிறதுக்கு மட்டும் நீங்க உறுதி எழுதி வச்சிருக்கீங்களா மச்சான்?"

கேட்டவர் கம்பளைக்காரர். தப்புப் பறைகளின் தோலைக் காய்ச்சத் தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் மூட்டியிருந்த நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த மச்சான், தெல்தோட்டைக்காரர், மட்டும் சிரிக்கவில்லை. தேர்த் திருவிழாவுக்கு வருடாவருடம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒலிபெருக்கி கட்டப் போகிற நான், கையில் வயரோடு நின்றேன். இப்படியொரு வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு வேலை ஓடாது.

இருவரும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான் பிறந்தவர்கள். ஒருவர் தெல்தோட்டைப் பக்கமே தங்கிவிட்டார். மற்றவர் கம்பளையில் இரும்புக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே தனக்கென்று ஒரு தப்புக் குழுவும் சேர்த்துக்கொண்டார்.

சண்டை 'நிப்பு' பற்றியது. தேர், லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் போகிற ரோட்டின் முடக்கில் திரும்பும்போது தெல்தோட்டைக்காரர் குச்சியை வானத்துக்குத் தூக்குவார். அத்தனை தப்பும் நின்றுவிடும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் எங்கும் சத்தமே இராது. பிறகு ஒற்றை அடி. அந்த அடிக்கு உடம்பு சிலிர்க்கும். அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து சனம் வரும்.

அதைக் கம்பளைக்காரர் ஒரு கல்யாணத்தில் போட்டார். அந்த வீடியோ போன் போனாகப் பரவி, 'கம்பளை நிப்பு' என்றே பேராகிவிட்டது. இந்த வருடம் கோயில்காரர்கள் அவருடைய குழுவைத் தேருக்கு முன்னால் விட்டு, தெல்தோட்டைக்காரரைப் பின்னால் வரச் சொல்லிவிட்டார்கள். பின்னால் வருகிறவர் குச்சியைத் தூக்கினால் யார் கண்ணுக்குத் தெரியும்?

"முன்னுக்குப் போ, நான் வேணாங்கல. ஆனா முடக்குல குச்சியத் தூக்காத" என்றார் தெல்தோட்டைக்காரர். "கல்யாண ஹோல்ல, சோறு போடுற நேரத்துல போட்டியாமே! அது எதுக்குப் போட்டதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"என்னத்தத் தெரியும்?"

கம்பளைக்காரரின் குரல் இறங்கிவிட்டது.

"நீங்க மொத மொத நிப்பாட்டின அந்த வருஷம், எங்கப்பா செத்து முப்பது நாள் கழியல. முடக்கு வீடு எங்க வீடுதானே. துக்க வீடுன்னு கதவச் சாத்திட்டு உள்ள இருந்தோம். தப்புச் சத்தம் கிட்ட வரவர எங்கம்மா காதப் பொத்திக்கிச்சு. வாசலுக்கு வந்ததும் சத்தம் நின்னுச்சு. அம்மா கைய எடுத்துட்டு, 'அப்பாவுக்கு வழி விட்டுப் போறாங்கடா'ன்னு சொல்லிச்சு."

யாரும் சிரிக்கவில்லை. நெருப்பில் ஓலை வெடித்தது.

"வெளியே நின்ன சனம் புது ஆட்டம்னு நெனச்சு விசிலடிச்சுது," என்றார் தெல்தோட்டைக்காரர், தரையைப் பார்த்தபடி. "எனக்கு வெக்கமாப் போச்சு. அடுத்த வருஷம் 'அந்த நிப்பப் போடுங்க'ன்னு கேட்டாங்க. போட்டேன்."

"நானும் அப்படித்தான் மச்சான். அந்தக் கல்யாணப் பொண்ணுக்கு அப்பா இல்ல. அந்த ஒரு நாளைக்குன்னுதான் தூக்கினேன். பொறகு போற எடமெல்லாம் கேட்டாங்க." கம்பளைக்காரர் அவரைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க நிப்பாட்டினது எங்கப்பாவுக்கு. அப்ப அது யாரோடது? நீங்களே சொல்லுங்க."

கொடுத்தவருடையதா, வாங்கியவருடையதா? துக்கத்துக்கு ஒதுங்கி நின்றதை ஆட்டமென்று நம்பி வருடாவருடம் விசிலடித்த கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கள் கைத்தட்டலில்தான் அது இரண்டு பேருக்கும் இல்லாமல் போயிருக்கிறது.

கோயில் மணி அடித்தது. தேர் கிளம்பப் போகிறது.

"சரி, இன்னைக்கு முடக்குல யாரு தூக்குறது?" என்று கேட்டார் தெல்தோட்டைக்காரர். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

சண்டையில் அவருடைய தப்பு நெருப்பை விட்டுத் தள்ளிக் கிடந்து ஆறி, தோல் தளர்ந்துபோயிருந்தது. கம்பளைக்காரர் தன் தப்பைத் தோளிலிருந்து கழற்றி மதிலில் சாத்தினார். பிறகு குந்தி உட்கார்ந்து, மச்சானின் தப்பை எடுத்து, தோல் கருகாமல் திருப்பித் திருப்பி நெருப்பில் காய்ச்சத் தொடங்கினார்.