ஜன்னலோர மேசை

லிங்கராஜபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பெர்னார்டைப் போல வேலைப் பைத்தியம் பிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஜப்பான்காரர்கள் நடத்திய ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூட போல்ட், வாஷர் என்றுதான் பேச்சு. "ஃபாதர் மொறைக்கறாரு, கம்னு இருங்க" என்று அவர் மனைவி ஃபிலோமினா இடிப்பார்.

தொண்ணூற்றெட்டில் ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பெர்னார்டை மாடிக்கு மாற்றினார்கள். ஜன்னல் ஓரமாகத் தனி மேசை, சுழல் நாற்காலி. நம் ஊர் ஆபீஸ்களில் அந்த இடம் யாருக்குக் கிடைக்கும்? பெரிய அதிகாரிக்குத்தான். ஃபிலோமினா கேக் செய்து தெரு முழுக்கக் கொடுத்தார். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

மேசைக்கு வேலை மட்டும் வரவில்லை. "பெரிய பொறுப்பா ஏதோ வருதுபா, அதான் நிதானமா யோசிக்கறாங்க" என்றார் பெர்னார்ட். அதற்குத் தயாராக, கம்பெனியே நடத்திய ஜப்பானிய வகுப்பிலும் சேர்ந்தார். டீச்சர் வீணா, தொம்மலூர்ப் பெண். ஒருநாள் அவரவர் உட்காரும் இடத்தைச் சொல்லச் சொன்னாள். அகராதியைப் புரட்டி, "மதோகிவா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார் பெர்னார்ட். ஜன்னலோரம்.

வகுப்பு முடிந்ததும் வீணா அவரை நிறுத்தினாள்.

"அங்கிள், அங்க உங்களுக்கு என்ன வேலை?"

"இன்னும் ஒண்ணும் குடுக்கலமா."

"அந்த வார்த்தைக்கு ஜன்னலோரம்னுதான் அர்த்தம். ஆனா அவங்க ஆபீஸ்ல ஒருத்தர அப்படிச் சொன்னா, வேண்டாதவர்னு அர்த்தம் அங்கிள். வாயால போன்னு சொல்ல மாட்டாங்க. வேலை குடுக்காம அங்க ஒக்கார வெச்சிடுவாங்க. வெக்கப்பட்டு அவரே எழுதிக் குடுத்துட்டுப் போகணும்."

இதை அவர் ஃபிலோமினாவிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார். "கழுத்தப் புடிச்சுத் தள்ளியிருந்தா சண்டை போட்டிருப்பேன்பா. சேர் போட்டுக் குடுத்தவன்கிட்ட இன்னான்னு சண்டை போடறது?"

அப்போதும் அவர் நம்பிக்கையை விடவில்லை. அவர்கள் மொழியிலேயே கேட்டால் மனம் இரங்குவார்கள் என்று நினைத்தார். வீணாவிடம் ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்டு மனப்பாடம் செய்தார்: 'ஷிகோதோ ஓ குதசாய்.' வேலை கொடுங்கள். சவரம் செய்யும்போதும் உதடு அதையே முணுமுணுத்தது.

திங்கட்கிழமை மேலாளர் ஹிரானோவின் முன்னால் போய்க் குனிந்து வணங்கிச் சொன்னார். ஹிரானோவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஜோஸு, ஜோஸு!" என்று கைதட்டினார். பிரமாதமாகப் பேசுகிறாயாம். பக்கத்து அறையிலிருந்த ஜப்பானியர்களைக் கூப்பிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பெர்னார்ட் சொன்னார். அவர்களும் தட்டினார்கள். பிறகு டைப்பிஸ்ட் பெண்களை வரவழைத்து, உச்சரிப்பைக் கேளுங்கள் என்று மறுபடியும் சொல்ல வைத்தார். என்ன கேட்கிறார் என்று அந்த ஆளுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? அவருடைய தாய்மொழி ஐயா அது!

வேலை கொடுங்கள் என்று மூன்றாவது தடவையும் சொன்னார் பெர்னார்ட். கைதட்டல் ஓய்ந்ததும் ஜன்னலோரம் திரும்பி வந்து, வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து ராஜினாமா எழுதினார். அந்த மேசையில் அவர் செய்த ஒரே வேலை அதுதான்.