பதில் சொல்லாத சென்சார்

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷின்களுக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

மெஷினுக்குள் கை இருந்தால் சென்சார் சொல்லும். உடனே என் புரோகிராம் மெஷினை நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து வர வேண்டிய சென்சார் வந்து சேரவில்லை. அதனால் அதன் இடத்தில் நின்று பதில் சொல்ல ஒரு போலி ஃபங்ஷனை உருவாக்கினேன். அதை ‘மாக்’ என்போம். ‘கை இருக்கிறது’, ‘கை இல்லை’ என்ற இரண்டு பதில்களுக்கும் எல்லாம் சரியாக நடந்தது. சென்சார் பதிலே சொல்லாவிட்டால்? அந்தச் சோதனையை எழுத உட்கார்ந்தபோது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்தது.

“நீ கெளம்பும்மா, கொயந்தைய பாரு” என்று சொல்லி, அந்த மெஷினை ஓட்டும் ஆபரேட்டர் முனுசாமி அண்ணன்தான் ஸ்டேஷன்வரை பைக்கில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் எழுதலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நிஜ சென்சாரைப் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் எண்ணெய் படிந்து அது பதில் சொல்லாமல் நின்றது. கடைசியாக வந்த ‘கை இல்லை’ என்ற பதிலையே நம்பி என் புரோகிராம் மெஷினின் அழுத்தும் பாகத்தை இறக்கியது. முனுசாமி அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் சிரித்தார். “இன்னாம்மா, அடிபட்டது எனக்கு, நீ அய்துகினு நிக்குற? மிஷினு பேஜாரு பண்ணிச்சு, நீ இன்னா பண்ணுவ?” பிறகு கேட்டார்: “கொயந்தைக்கு ஜொரம் உட்டுச்சா?”

“விட்டுடுச்சுண்ணே” என்றேன்.

மேலாளரிடம் என் தவறை எழுதிக் கொடுத்தேன். இப்போது எந்த மாக் எழுதினாலும், முதலில் அதைப் பதில் சொல்லாமல் இருக்க வைத்துத்தான் சோதிக்கிறேன். அண்ணனைப் பார்த்தால் மட்டும், அந்தத் தவறைச் சொல்லாமல், இன்றும் குழந்தையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுகிறேன்.